கார் அலவன்ஸ் முழுவதற்கும் வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளராக இருக்கிறேன். ஈரோடு, கரூர் என்று டீலர்களைப் பார்க்க என் சொந்தக் காரில்தான் (1,197 சிசி) போகிறேன். குடும்பத்துக்கும் அதே கார்தான். மாதம் 15,000 ரூபாய் கார் அலவன்ஸ் தருகிறார்கள். 2024-25 நிதியாண்டுக்கான படிவம் 16-ல் அந்த 1,80,000 ரூபாயையும் சம்பளத்தில் சேர்த்து வரி பிடித்துவிட்டார்கள். கம்பெனி வேலைக்குச் செலவான பணத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? கார் கடன் வட்டியையாவது கழிக்கலாமா?

– வாசகர், கோவை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நிறுவனத்தின் மீதும் தப்பில்லை. கணக்குக் கேட்காமல் மாதாமாதம் கையில் கொடுக்கும் தொகை, பே ஸ்லிப்பில் என்ன பெயரில் இருந்தாலும், சம்பளம்தான்.

வட்டியைக் கழிக்க முடியாது. கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் தொழில் செய்பவர்களுக்கு. சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000, பழையதில் 50,000 ரூபாய் நிலையான கழிவு. அதற்குள் அடங்கிவிட வேண்டியதுதான்.

அதற்காக 1,80,000 ரூபாயையும் விட்டுவிடாதீர்கள். 2024-25-க்குப் பொருந்தும் வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(14)-ன்படி, அலுவலகப் பணிக்கான பயணத்துக்கென்று தரப்பட்ட படியில், உண்மையில் செலவான அளவுக்கு வரி கிடையாது. புதிய வரி முறைக்கு மாறினால் இந்தச் சலுகை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் செலவு மட்டும் இதில் சேராது.

இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, இந்தப் படி அலுவலகப் பயணத்துக்காகத்தான் தரப்படுகிறது என்று நிறுவனம் தரும் கடிதம். இன்னொன்று லாக் புக். தேதி, கோவை–ஈரோடு–கோவை, பார்த்த டீலர், ஓடிய கிலோமீட்டர், பெட்ரோலுக்கும் சுங்கத்துக்கும் ஆன தொகை: ஒரு பயணத்துக்கு ஒரு வரி போதும். இதுவரை எழுதி வைக்கவில்லை என்றால், ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டையும் நீங்கள் அனுப்பிய விசிட் ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாகப் பொருத்திப் பாருங்கள். நிறுவனம் வரி பிடித்துவிட்டாலும் ரிட்டர்னில் நீங்களே விலக்குக் கோரி ரீஃபண்ட் வாங்கலாம். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன பில்லை இதில் சொருகாதீர்கள். பொய்க் கணக்கு என்று தெரிந்தால், தப்பிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

உங்கள் ஹெச்.ஆரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அலவன்ஸுக்குப் பதிலாக நிறுவனமே கார் எடுத்துத் தருமா? 2024-25 விதிப்படி, 1.6 லிட்டர் வரை எஞ்சின் உள்ள கம்பெனி காரை வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓட்டினால், பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் நிறுவனம் கட்டினாலும், உங்கள் வருமானத்தில் சேர்வது மாதம் 1,800 ரூபாய்தான். டிரைவரும் தந்தால் கூடுதலாக 900. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால், 1,80,000 ரூபாய்க்கு செஸ் உட்பட 56,160 ரூபாய் வரி. கம்பெனி காருக்கு, டிரைவர் இல்லாமல், ஆண்டுக்கு 21,600 ரூபாய் வருமானமாகி, வரி சுமார் 6,740 ரூபாய்.

உங்கள் காரையே வைத்துக்கொண்டு பில் கொடுத்துப் பணம் வாங்கினால் லாபம் குறைவு. அதே 2024-25 விதிப்படி, மாதம் 13,000 ரூபாய் பில்லுக்கு 1,800 போக மீதி 11,200-க்கும் வரி வரும். வேலைக்கு அந்த 1,800-ஐவிட அதிகம் செலவானது என்று லாக் புக்கும் நிறுவனச் சான்றும் காட்டினால்தான் கூடுதலாகக் கழியும். சொந்தக் காரில் கம்பெனிக்காக ஓடுகிறவருக்கு இது அநீதி என்பது என் கருத்து. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. அதனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கம்பெனி காரையே கேளுங்கள். மறுத்தால், அலவன்ஸ் அலுவலகப் பயணத்துக்கு என்ற வாசகத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.