பழைய ஊரில் புதிய கலை: பண்பொழி மாணவிக்கு ஒரு கடிதம்



கோயிலும் குளமும் மலையும் சூழ்ந்த ஊரில் இன்றைய கலைஞர் தம் படைப்பைக் கொண்டுவந்து வைக்கலாமா, வைக்கலாம் என்றால் எந்த எல்லைவரை என்னும் கேள்வி, ஓவியக் கல்லூரிக்குச் செல்ல எண்ணும் பண்பொழி மாணவிக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. திருமலைக் குமாரசுவாமி கோயில் நிற்கும் குன்றும், அதன் அடியில் விரியும் வயலும் தென்னந்தோப்பும், மேற்கே எழும் மலைத்தொடரும் தனித்தனிப் பொருள்களாக இல்லாமல், மனிதர் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு பழகி உருவாக்கிய ஒரே தோற்றமாக இருக்கின்றன. இத்தகைய இடத்தை மரபுப் பாதுகாப்புத் துறையினர் பண்பாட்டு நிலத்தோற்றம் என்பர். யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு 1992இல் இதனைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. சமகாலக் கலை என்பதோ இன்று வாழும் கலைஞர்கள் இன்றைய பொருள்களையும் இன்றைய சிக்கல்களையும் கொண்டு செய்வது. அதில் நிறுவல் எனப்படும் வகை, ஓர் இடத்தையே படைப்பின் பகுதியாக்கி, பார்ப்பவர் அதனுள் நடந்து காணும்படி பொருள்களை அமைப்பது. இவ்விரண்டும் சந்திக்கும்போது இடம் தாழ்ந்துபோகக் கூடாது என்பதே இக்கடிதத்தின் கருத்து.

நடராசர் ஆடியதாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் தில்லையும் மதுரையும் நெல்லையும் திருவாலங்காடும் முறையே பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம் ஆகியவற்றின் பெயரைத் தாங்கியிருக்க, நமக்கு அருகிலுள்ள குற்றாலத்துச் சபை மட்டும் சித்திரத்தின் பெயரைத் தாங்குகிறது. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகி, குளத்தை முன்னிட்டு நிற்கும் அந்தச் சபையில் வழிபடப்படும் நடராசரே சுவரில் தீட்டப்பட்ட உருவம்தான். அங்கே ஓவியம் சுவருக்கு அலங்காரமாக இல்லாமல் தெய்வத் திருமேனியாகவே நிற்கிறது. ஓவியத்துக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த வட்டாரத்தில் பிறந்தவர் ஓவியம் பழகக் கொச்சிக்கோ டெல்லிக்கோ போகுமுன் அந்தச் சுவர்களின் முன் ஒரு முழுப் பகல் நிற்பது நல்லது.

நிற்கும்போது வண்ணத்தை மட்டும் பார்த்தால் போதாது, வண்ணத்துக்கு அடியில் உள்ள சாந்தையும் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்து நீராவியை உள்ளே வாங்கவும் வெளியே விடவும் வல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் வீசும் குற்றாலம் போன்ற ஊரில் சுவர் நனைவதும் உலர்வதும் ஓயாமல் நடக்கும். அந்தச் சுவரின் மேல் எனாமலோ பிளாஸ்டிக் வண்ணமோ பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு வண்ணப் படலத்துக்குப் பின்னால் படிகமாகத் திரண்டு, முதலில் சிறு கொப்புளமாகவும், பின்னர் உள்ளங்கை அகலப் பொருக்காகவும் சாந்தையே பெயர்த்துத் தள்ளுகிறது. அழகுபடுத்துகிறோம் என்று நல்லெண்ணத்தோடு பூசப்படும் வண்ணமே சுவரை அழிப்பது இப்படித்தான். வேதியியல் தெரியாத ஓவியர் பழைய சுவரைத் தொடாமல் இருப்பதே ஓவியத்துக்குச் செய்யும் தொண்டு.

அதற்காகப் பழையதில் புதியது சேரவே கூடாது என்று சொல்வதற்கில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் கோயிலின் இராசகோபுரம் 1924இல் தீக்கிரையாகிப் பல்லாண்டுகள் மொட்டையாக நின்றது. இன்று மாவட்டத்தின் அடையாளமாக எல்லோரும் காட்டும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்ட புதிய கட்டுமானம். கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவரைப் பணிவதாக அந்த மன்னன் பாட்டாகவே கல்லில் பொறித்து வைத்தான் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பழுதுபார்த்துச் சேர்க்கும் பகுதி மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். ஆனால் வழிபாடு நடக்கும் இடங்களில் ஸ்தபதிகளின் வாழும் அறிவுக்கு இடம் தர வேண்டும் என்கிறது 2004இல் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு வெளியிட்ட இந்திய சாசனம். நம் ஊர்களுக்கு இரண்டாவதே பொருந்துகிறது. முதலாவதை அப்படியே கொண்டுவந்தால் குடமுழுக்குதோறும் வண்ணம் புதுக்கும் நம் வழக்கமே குற்றமாகிவிடும்.

புதிய கலையைப் பழைய இடத்தோடு பொருத்திக் காட்டிய எடுத்துக்காட்டு ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் கொச்சியில் இருக்கிறது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு கலைஞர்கள் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலை விழாவைக் குறிக்கும் இத்தாலியச் சொல்) கோட்டைக் கொச்சியின் கடலோரப் பழைய கிடங்குகளைக் காட்சிக்கூடமாக்கியது. அவற்றில் முதன்மையான ஆஸ்பின்வால் இல்லம், 1867இல் தொடங்கிய வணிக நிறுவனம் ஒன்று மிளகும் காப்பியும் கயிறும் ஏற்றுமதி செய்த வளாகம். முதல் விழாவில் கலைஞர் விவான் சுந்தரம் அங்கே வைத்த 'கருப்புத் தங்கம்' என்னும் நிறுவலை ஓவிய மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறைமுகம் இருந்த இடமாகப் பலராலும் கருதப்படும் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது; அதில் கிடைத்து ஒதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பானையோடுகளைத் தரையில் பரப்பி, ஒரு கற்பனை நகரை எழுப்பி, அதனிடையே கருமிளகை ஓடவிட்டார் அவர். மிளகு விற்ற கட்டடத்துக்குள் மிளகு விற்ற பழைய நகரத்தின் ஓடுகள் வந்து சேர்ந்தபோது இடம், பொருள், வரலாறு மூன்றும் ஒன்றாயின. அந்தப் படைப்பை வேறொரு நகரத்தின் வெள்ளைச் சுவர்க் கூடத்தில் வைத்தால் அதன் பாதிப் பொருள் போய்விடும். அதே விழா பழைய கட்டடத்தின் சிரமத்தையும் காட்டியிருக்கிறது: 2022இல் ஐந்தாம் பதிப்பின் திறப்பு கடைசி நேரத்தில் தள்ளிப்போனபோது, காட்சிக்கூடங்களில் மழைநீர் கசிந்ததைப் பங்கேற்ற கலைஞர்கள் பொதுக் கடிதத்தில் எழுதினர். கூரையைச் செப்பனிடாமல் கலையைக் கொண்டுவந்தால் இரண்டும் நனையும்.

எல்லா மரபிடங்களும் புதிய கலையை ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஜெய்ப்பூரின் நாகர்கர் கோட்டையில் மாதவேந்திர அரண்மனை 2017இல் சிற்பப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மன்னர் ஆட்சி போய் யாரும் வாழாத அரண்மனை என்பதால் அங்கே மறுப்பு எழ வாய்ப்புக் குறைவு. ஆனால் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 2015இல் சிற்பி அனிஷ் கபூர் வைத்த பெரும் சிற்பம் மீண்டும் மீண்டும் சிதைக்கப்பட்டது. அச்செயலை நியாயப்படுத்த முடியாது. ஆயினும் மரபிடம் எதுவும் வெற்றுத் தரையன்று, அதன்மேல் பலருக்குப் பல உரிமை உணர்வுகள் உண்டு என்பது அதில் தெரிகிறது.

தென்காசி வட்டாரத்திலேயே நிலத்தின் மேல் தீட்டிய இக்கால ஓவியம் ஒன்று இருக்கிறது. 2005இல் வெளிவந்த 'அந்நியன்' படத்தின் பாடல் காட்சிக்காகச் சுந்தரபாண்டியபுரத்தை ஒட்டிய பாறையில் திரை நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டன; இன்றும் பயணிகள் 'அந்நியன் பாறை' என்று கேட்டு வருகின்றனர். அது கவர்ச்சியான வேலை என்பதிலும், அதை வரைந்த கைகள் தேர்ந்தவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் படப்பிடிப்பு முடிந்தபின் பாறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு விடையில்லாத வேலை அது; பாறை மீளவில்லை, முகங்களும் வெயிலில் மங்கி வருகின்றன. மணாலி–ரோத்தங் சாலைப் பாறைகளில் குளிர்பான விளம்பரங்கள் தீட்டப்பட்டதற்கு உச்ச நீதிமன்றம் 2002இல் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. விளம்பரமும் கலையும் ஒன்றல்லதான். பாறைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இங்கே மரபுப் பாதுகாப்புத் துறையின் மீள்தன்மை என்னும் கோட்பாடு பயன்படும்: வைத்ததை எடுத்துவிட்டால் இடம் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். பண்பொழியில் அதை நடைமுறையாக்குவது கடினமன்று. வழிபாட்டுச் சுவரையும் மலைப்பாறையையும் விட்டுவிட்டு, பூட்டிக் கிடக்கும் ஓட்டுக் கட்டடம் அல்லது அறுவடை முடிந்த வயலைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பனையோலை, தென்னங்கயிறு, களிமண், துணி ஆகியவற்றைக் கொண்டு, ஆணியும் சிமென்ட்டும் இல்லாமல், தன் பாரத்தாலேயே நிற்கும் படைப்பு சாரலைத் தாங்காது என்பது குறையன்று. அது குறிப்பிட்ட நாள்களுக்காகவே செய்யப்படுவது. படியேறும் பக்தரின் வழியும், குளத்துக்கு வரும் வாய்க்காலும் மறிபடக் கூடாது. இடத்தைப் பொறுத்து இந்து சமய அறநிலையத் துறை, வனத்துறை, பேரூராட்சி ஆகியவற்றின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்கிறது 2010இன் திருத்தச் சட்டம். வயல்காரரின் சம்மதத்துக்குச் சட்டப்பிரிவு எதுவும் தேவையில்லை, ஆயினும் அதையே முதலில் பெற வேண்டும்.

ஆகவே தங்கையே, அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் படைப்பின் பெயரையும் திறப்பு நாளையும் எழுதுவதோடு நிறுத்திவிடாதே. அதை அகற்றும் நாளையும், அகற்றப் போகும் ஆளின் பெயரையும், அதற்கான செலவையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு.