சரக்கறிவோம்: ஊர்ப் பெயரே முத்திரையான ஒயின்



ஒரு சரக்கை அறிந்தவர் என்றால் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிய வேண்டும். எங்கே விளைந்தது? எந்த முறையில் தயாரானது? எதனோடு சேர்த்து உண்ண ஏற்றது? இம்மூன்றுக்கும் நல்ல பாடமாக இருப்பது தென் பிரான்சின் ‘ஷாட்டோநெஃப்-டு-பாப்’ என்னும் சிவப்பு ஒயின். இது நம் மளிகைக் கடையில் விற்கும் பொருள் அல்ல. ஆனாலும் இதன் வரலாறு நம் தொழிலுக்கு உரியது.

1. விளையும் இடம்

ரோன் ஆற்றை ஒட்டி, அவிஞோன் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூரின் பெயரே ஒயினுக்கும் பெயர். ‘போப்பாண்டவரின் புதுக்கோட்டை’ என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் அவிஞோனில் தங்கியிருந்த காலத்தில் இங்கே கோட்டை எழுந்தது. தோட்டங்கள் பலவற்றில் மண் தெரியாதபடி உருண்டைக் கூழாங்கற்கள் கிடக்கின்றன. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் அந்தச் சூட்டைக் கற்கள் வெளியிடும். வெயில் மிகுந்த அந்த நிலத்தில் திராட்சை நன்றாகப் பழுத்து இனிப்பு ஏறுகிறது. புளிக்கும்போது அந்த இனிப்பே வீரியமாகிறது.

2. பெயரைக் காத்த முறை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேற்றூர் ஒயினையும் இந்தப் பெயர் சொல்லி விற்றார்கள். உண்மையாக விளைவித்தவருக்கு உரிய விலை கிடைக்கவில்லை. 1923இல் அவ்வூர் விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். தோட்ட உரிமையாளரும் சட்டம் படித்தவருமான பாரோன் பியேர் லெ ருவா முன்னின்று நடத்தினார்.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனதோடு நிற்கவில்லை. தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்:

* லாவெண்டரும் தைம் செடியும் வளரக்கூடிய வறண்ட நிலத்தில்தான் கொடி நட வேண்டும்.
* அனுமதித்த திராட்சை வகைகளையே பயன்படுத்த வேண்டும்.
* தேறாத பழங்களைப் பொறுக்கிக் கழித்துவிட வேண்டும்.
* ஒயினின் வீரியம் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1933இல் வழக்கு வென்றது. 1936இல் அரசாணையும் வந்தது. பிரான்சில் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் ஒயின்களில் இதுவும் ஒன்று.

3. எதனோடு சேரும்?

இதில் பெரும்பங்கு கிரெனாஷ் என்னும் திராட்சை. இன்று வரும் புட்டிகளில் வீரியம் பெரும்பாலும் 14 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். துவர்ப்பும் உண்டு. கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு சேரும்போது அந்தத் துவர்ப்பு மென்மையாகிவிடும். எனவே பூண்டும் தைமும் ரோஸ்மேரியும் தடவிச் சுட்ட ஆட்டுக்குட்டிக் கறி இதற்கு நல்ல பொருத்தம். மாட்டிறைச்சியை ஒயினில் ஊற வைத்து, இளந்தீயில் பல மணி நேரம் வேகவைக்கும் ‘தோப்’ என்னும் புரோவான்ஸ் குழம்பும், வேட்டை இறைச்சியும், கெட்டியான பாலாடைக்கட்டியும் ஏற்றவை. புலால் உண்ணாதவர்க்குக் காளானும் கறுப்பு ஆலிவும் சேர்த்த உணவுகள் உண்டு. கொடி விளையும் நிலத்தில் வளரும் தைமே கறியிலும் மணப்பதைக் கவனியுங்கள்.

மென்மையான மீனின் சுவையை இது அமுக்கிவிடும். மிளகாய்க் காரத்தோடு குடித்தால் வீரியம் எரிச்சலைக் கூட்டும். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில் பரிமாறுவது நல்லது.

நமக்கு உரிய பாடம்

நம் நாட்டிலும் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஈரோடு மஞ்சள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆகியவை அந்தக் குறியீட்டைப் பெற்றுள்ளன. இவை நம் கடைச் சரக்குகள். ஆனால் குறியீடு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஈரோடு என்று எழுதிய மூட்டையில் வேற்றூர் மஞ்சளைக் கலந்தால், அன்று கிலோவுக்குச் சில ரூபாய் மிஞ்சும். நாளை அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்க ஒருவராலும் முடியாது. கொள்முதலின்போது விளைந்த ஊரைக் கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்டால் ஊரையும் பயன்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெயருக்கு உரிய மதிப்பைக் காப்பது விளைவிப்பவர் கையில் பாதி, விற்பவர் கையில் பாதி.