பழைய புதுச்சேரிப் படம் கற்பிக்கும் பாடம்

வரலாறு என்றதும் ஆண்டுகளும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூலில் உள்ள படங்களை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் போலப் படமும் ஒரு வரலாற்றுச் சான்றே. அதை எவ்வாறு படிப்பது என்பதைப் பழைய புதுச்சேரிப் படம் ஒன்றின் துணைகொண்டு காண்போம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664-ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் என்றால் நமக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். ஆயினும் நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமும் சில காலம் அவர்கள் கையில் இருந்தது. 1672-ஆம் ஆண்டு ஜூலையில் தெ லா ஹே என்னும் தளபதி அதைக் கைப்பற்றினார். கோல்கொண்டா படையும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிட்டதால், 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் அதை இழந்தனர். அதன்பின் பிரான்சுவா மார்த்தேனின் முயற்சியால் புதுச்சேரி வளர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சுப்படம் ஒன்று அந்த நகரைக் காட்டுகிறது. ‘புதுச்சேரியில் உள்ள இந்தியக் கும்பினியின் பண்டகசாலைகள், கடற்படை அலுவலகம், ஆளுநர் மாளிகை’ என்பது அதன் தலைப்பின் பொருள். இக்காலத்துப் புத்தகங்களிலும் இப்படம் எடுத்தாளப்படுகிறது.

புகைப்படக் கருவி இல்லாத அந்நாளில் இத்தகைய படங்கள் எவ்வாறு உருவாயின? செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைச் செதுக்குவர். தகட்டில் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் படம் பதியும். வேண்டுமானால் கையால் வண்ணம் தீட்டுவர். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுத்து விற்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். ஆகவே செதுக்குபவர் எல்லாவற்றையும் தலைகீழ் மாற்றிச் செதுக்க வேண்டும். புதுச்சேரிக்குக் கிழக்கே கடல். கடலிலிருந்து நகரைப் பார்த்தால் வலப்புறம் வடக்கு, இடப்புறம் தெற்கு. செதுக்குபவர் மறந்துவிட்டால் வடக்கு தெற்காகிவிடும்! மேலும், ஐரோப்பாவில் இருந்து இப்பணியைச் செய்த பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பிறர் வரைந்ததைப் பார்த்தே செதுக்கினர். எனவே ஒரு படத்தை நம்புமுன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

இனித் தலைப்பை மீண்டும் நோக்குவோம். பண்டகசாலை, கடற்படை அலுவலகம், மாளிகை என்று மூன்றுக்கே பெயர் உண்டு. பண்டகசாலையை நிரப்பிய துணியை நெய்த நெசவாளர் யார்? துறைமுகம் இல்லாத அக்கரையில், தொலைவில் நின்ற கப்பல்களுக்கு அலையைக் கடந்து மூட்டைகளைக் கொண்டு சேர்த்த சலங்குப் படகோட்டிகள் யார்? தலைப்பு அவர்களைச் சொல்லவில்லை. வாங்குபவர் காண விரும்பியது கும்பினியின் செல்வத்தையே.

விடுபட்டதை அறிய நமக்கு வேறொரு சான்று கிடைத்திருக்கிறது. சென்னைப் பெரம்பூரில் 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் வணிகர், நெசவாளர், போர்வீரர் எனப் பலரையும் காண்கிறோம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆட்சியினர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த துயரச் செய்தியும் அதில் உள்ளது. அருகில் தேவாலயம் கொண்டிருந்த குருமார் அதை வேண்டினர் என்றும் அவர் எழுதியுள்ளார். கிறித்தவப் பள்ளியில் பயிலும் நமக்கு இது படிக்கக் கடினமான பக்கம்தான். உண்மை என்பதால் படித்தே ஆக வேண்டும்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிள்ளையவர்கள் அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் காலமானார். வென்றவர்கள் கோட்டையையும் நகரையும் இடித்தனர். அந்தத் தேவாலயமும் தரைமட்டமாயிற்று. கோயிலை இழந்தவர் அழுத கண்ணீரைப் பதின்மூன்று ஆண்டுகளில் தேவாலயத்தை இழந்தவரும் அழுதனர். இன்று நாம் காணும் சம்பா கோயில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. வேதபுரீசுவரர் கோயிலும் மீண்டும் எழுந்து ஈசுவரன் கோயில் தெருவில் நிற்கிறது. பழைய கோட்டை இருந்த இடத்தில் இப்போது பாரதி பூங்கா இருக்கிறது.

தோழியரே, நகரமே அழிந்தபின் அதன் தோற்றத்தைச் சொல்லப் பழைய படங்களும் வரைபடங்களும் பெரிதும் துணையாகின்றன. அவற்றைப் புறக்கணிப்பதும் தவறு. அப்படியே நம்பிவிடுவதும் தவறு. இனி ஒரு வரலாற்றுப் படத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் செய்தவர் யார்? யாருக்காகச் செய்தார்? இதில் இடம்பெறாதவர் யார்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொன்னது வரலாற்று மாணவிகளாகிய நமக்கும் பொருந்தும்.