பொருநை வளர்த்த பாய்

நுழையும்முன்

வீட்டிற்கு வந்தவருக்குப் பாய் விரிப்பது தமிழர் வழக்கம். உண்ணவும் உறங்கவும் உறவினர் கூடி அமரவும் பாய் பயன்பட்டது. தரையில் கிடக்கும் அவ்வெளிய பொருளில் ஓர் ஆற்றின் கொடையும் மனிதக் கைகளின் பொறுமையும் ஒன்றுகூடியிருக்கின்றன.

கோரையின் பக்குவம்

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள பத்தமடை, பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையோரங்களில் வளரும் கோரையே இப்பாயின் மூலப்பொருள். பச்சையாக அறுத்த கோரையைக் கீறி வெயிலில் உலர்த்துவர். பின்னர்க் கட்டுகளாகக் கட்டி, ஓடும் நீரில் சில நாள்கள் ஊறவைப்பர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். ஆகவே, நெசவு தொடங்கும் முன்பே பாயின் தரத்தில் ஒரு பகுதியை ஆறு முடிவுசெய்துவிடுகிறது. ஆறு வற்றினாலும் மாசடைந்தாலும் அது பாயில் தெரியும்.

நெசவும் நுண்மையும்

பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, கோரையை ஊடையாகச் செலுத்துவர். ஒவ்வோர் இழையையும் கையால் கோத்து நெருக்கவேண்டும். இழையின் பருமன் பாதியாகக் குறைந்தால், அதே நீளத்தை நிரப்ப இருமடங்கு இழைகள் தேவைப்படும். இதனால் முரட்டுப்பாய் சில நாள்களில் முடிய, நுண்பாய்க்கு வாரக்கணக்கில் காலம் செல்கிறது. துணிபோல் மடிக்கத்தக்க அந்நுண்பாயைப் ‘பட்டுப்பாய்’ என்பர். மணமக்களின் பெயர்களை நெய்த திருமணப்பாய்களும் இங்கு உருவாகின்றன. 1953ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்டது. இன்று இப்பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

விலையும் மதிப்பும்

புகழ் மட்டும் கைத்தொழிலைக் காப்பாற்றுவதில்லை. நெகிழிப்பாய் மலிவாகக் கிடைக்கிறது. விசைத்தறிப்பாய் விரைவாக உருவாகிறது. இவற்றின் விலையோடு கைப்பாயின் விலையை ஒப்பிடுவோர், அதில் அடங்கிய நாள்களைக் கணக்கிடுவதில்லை. நெசவாளர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுவேலைகளுக்கிடையே தறியில் அமர்பவர்கள். உழைத்த நாளுக்கேற்ற கூலி கிடைக்காதபோது, தாய் தன் மகளைத் தறியருகே அழைக்கத் தயங்குவாள். நூலில் எழுதிவைத்துக் கற்பிக்க இயலாத விரலறிவு இது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிராது.

தேய்ந்த கோரைப்பாய் மண்ணோடு மண்ணாகும். அதை நெய்யும் அறிவும் அவ்வாறே மறையாதிருக்க, பாயை வியந்து பார்ப்பதோடு அதன் உரிய விலையையும் மனமுவந்து கொடுத்தல் வேண்டும்.