ஹோஸ்டா வேண்டாம் தங்கச்சி, கச்சோலம் வை

ஆன்லைனில் ஹோஸ்டா செடி வாங்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். வாங்காதே. டொரன்டோவில் சித்தி மகள் வீட்டுப் பின்புறம், மரத்தடி நிழலில் அது கும்மென்று நிற்பதை வீடியோவில் பார்த்து உனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசையில் தப்பே இல்லை. பூவுக்காக இல்லாமல் இலை அழகுக்காகவே செடி வளர்ப்பது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் நம்ம சங்கரன்கோவிலில் அந்தச் செடி நிலைக்காது. ஏன் என்று முதலில் கேட்டுக்கோ. பிறகு உன் வீட்டு முடுக்கில் எதை வைக்கலாம் என்று சொல்கிறேன்.

ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி. குளிர்காலம் வந்ததும் இலையெல்லாம் வாடி விழுந்து, மண்ணுக்குள் வேர்க்கட்டை மட்டும் தூங்கும். அந்தத் தூக்கத்துக்கு ஐந்தாறு வாரமாவது 5 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். டொரன்டோவில் பனியே கொட்டிக் கிடக்கும். நமக்கு மார்கழி விடியலில் போர்வை தேட வைக்கிற குளிரே 20 டிகிரியை ஒட்டித்தான். குளிர் கிடைக்காத ஹோஸ்டா முதல் வருஷம் இலை விடும், அடுத்த வருஷம் இலை சிறுக்கும், அதற்கப்புறம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நீல நிற இலைப் படம் போட்டு விதைப் பொட்டலம் விற்கிறார்களே, அதையும் தொடாதே. அந்த நீலம் இலைமேல் படிகிற மெழுகுப் பூச்சால் வருவது. பேர் பெற்ற ரகங்கள் விதையிலிருந்து தாய்ச்செடி மாதிரி வராது. வேர்க்கட்டையைப் பிரித்து நட்டால்தான், இல்லாவிட்டால் திசு வளர்ப்பில் எடுத்தால்தான் அதே செடி கிடைக்கும்.

செடி வாங்குவதற்கு முன்னால் உன் நிழலைப் பார். நம்ம ஊரில் தோட்டம் என்றாலே மல்லிகை, பிச்சி என்றுதான் மனசு போகும். பூ மார்க்கெட் உள்ள ஊர், அப்படித்தான் இருக்கும். அதெல்லாம் முழு வெயிலில் பூக்கிறவை, முடுக்கில் வைத்தால் கொடி மட்டும் ஓடும். நிழலுக்கு வேறு கணக்கு. ‘வீட்டின் வடக்குப் பக்கம் வருஷம் பூராவும் நிழல்’ என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறக்கிற சமயம் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். அங்கிருந்து ஆவணி நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அதனால் வடக்குப் பக்கத்து முடுக்குக்குள் வெயில் இறங்குகிற மாதங்கள் கோடையும் காற்றுக்காலமும்தான்.

உன் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சுவர் 12 அடி, எதிரே காம்பவுண்டுச் சுவர் 6 அடி, நடுவில் நாலடி முடுக்கு. மார்கழியில் வீட்டுச் சுவரின் நிழல் உச்சிவேளையில்கூட ஏழரை அடிக்கு விழும், முடுக்கு முழுக்க நிழல்தான். ஆனி மாதம் அதே நேரத்தில் நிழல் விழுவது காம்பவுண்டுச் சுவர் அடியில் ஒன்றரை அடிக்குத்தான். வீட்டுச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியெல்லாம் அப்போது சுட்டுப்போகும். ஆகவே சித்திரையில் தொட்டிகளைக் காம்பவுண்டுச் சுவர் பக்கம் நகர்த்து, ஆவணி கடைசியில் எங்கே வேண்டுமானாலும் வை. இந்த ஒரு காரணத்துக்காகவே முடுக்கில் தரையில் நடாமல் தொட்டியில் வை என்கிறேன்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க மீட்டரெல்லாம் வேண்டாம். பகல் பதினோரு மணிக்குத் தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஒரு அடி உயரத்தில் கையைப் பிடி. கைநிழல் விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் இலைச்செடிக்கு அந்த இடம் ஆகாது. ஓரம் மங்கி, கை வடிவம் மட்டும் தெரிந்தால் அதுதான் நமக்கு வேண்டிய இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே மருள் ஒன்றுதான் தாங்கும்.

வேப்பமரத்தடி என்று இன்னொரு இடம் சொன்னாயே, அதில் ஒரு சிக்கல் உண்டு. மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். வெயில் ஏறுகிற சமயத்தில் பார்த்து நிழல் கொஞ்ச நாள் காணாமல் போகும். அந்த இடைவெளிக்கு 50 சதவீதப் பச்சை வலையை ஏழடி உயரத்தில் கட்டிக்கோ. மரம் தளிர்த்ததும் கழற்றி வை. அடியில் குழி தோண்டாதே. வேர் அறுபடுவது ஒரு பக்கம், நீ ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் மரமே குடித்துவிடும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் தொட்டியை வை, வேர் தொட்டிக்குள் நுழையாது.

வெயிலைவிட நான் அதிகம் பயப்படுவது காற்றுக்குத்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நமக்கு வருவது மழையைக் கொட்டிவிட்டு வருகிற வறண்ட காற்று மட்டும். காற்றாலை ஓடுகிற காற்று அது. ஆடித்தபசு சமயத்தில் கொடியில் காயப்போட்ட சேலை நிற்கிறதா பார், அதே காற்றுதான் இலையையும் கிழிக்கும். மேற்குப் பக்க முடுக்கு வாயில் ஒரு ஓலைத் தட்டியோ, வலையோ மறைப்பாகக் கட்டு. முழுக்க அடைக்காதே, கொஞ்சம் காற்று வடிந்து உள்ளே வரட்டும். மண்தொட்டி இந்த மாதங்களில் ஒரே நாளில் காய்ந்துபோகும். நிழல் செடிக்கு பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

இனி செடிக்கு வருவோம். ஹோஸ்டா இடத்தில் நான் வைக்கச் சொல்வது கச்சோலம். மண்ணோடு படுத்த மாதிரி வட்ட வட்டமாக இலை, ஒரு தொட்டி முழுக்கப் படர்ந்துவிடும். நடுவில் காலையில் சின்னதாக வெள்ளைப்பூ விரியும், உள்ளே ஊதாப் புள்ளி இருக்கும், அன்றைக்கே வாடிவிடும். கிழங்கை நசுக்கினால் கற்பூர வாசனை அடிக்கும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வெப்பத்தால் ஹோஸ்டா வளர்க்க முடியாதவர்கள் இதே இனத்துச் செடிகளைத்தான் அதற்குப் பதிலாக வைக்கிறார்கள். இதில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1690-ல் ஜப்பானுக்குப் போன எங்கல்பர்ட் கேம்ப்ஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர்தான் ஹோஸ்டாவை முதன்முதலில் வரைந்து, 1712-ல் தன் புத்தகத்தில் ஐரோப்பாவுக்குக் காட்டியவர். கச்சோலத்தின் பேரினத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயர் கேம்ப்ஃபெரியா, அதே மனிதரின் நினைவாக.

கச்சோலமும் ஹோஸ்டா மாதிரியே தூங்கும். அது குளிருக்குத் தூங்குகிறது, இது வறட்சிக்குத் தூங்குகிறது. மார்கழி வாக்கில் இலை மஞ்சளாகிக் காயும். செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதே. இலை பழுக்க ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறை, காய்ந்ததும் நிறுத்து. தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும், இந்தச் செடி சாவது பெரும்பாலும் இப்படித்தான். தொட்டியை அப்படியே ஓரமாக நகர்த்தி, மேலே ஒரு சீட்டு எழுதிக் குத்தி வை, இல்லாவிட்டால் வேலைக்கு வருகிற அக்கா வெறும் மண் என்று கொட்டிவிடுவாள்.

நடுவதற்கு வைகாசி சரியான மாதம். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது காய்ந்த துண்டு, அது முளைக்காது. ஈரக்கிழங்கு வேண்டும். கேரளாவில் கச்சோலம் பயிராகவே போடுகிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கஸ்தூரி, ரஜனி என்று இரண்டு ரகங்களும் உண்டு. செங்கோட்டை தாண்டிப் போகிற யாரிடமாவது சொல்லி வை, அந்தப் பக்கத்து நர்சரிகளில் கேட்டுப் பார்க்கட்டும். முளை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், கைக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நடு. அகலமான, ஆழம் குறைந்த தொட்டி போதும்.

அதற்குத் துணையாக கலேடியம் வை. வெள்ளையும் பச்சை நரம்புமாக உள்ள ரகம் இருட்டு முடுக்கில் பளிச்சென்று தெரியும். அதுவும் கிழங்குச் செடிதான், குளிர் மாதங்களில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கலேடியம், டிஃபென்பேக்கியா, மணி பிளான்ட், சேம்பு எல்லாவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி மாதிரிப் படிகங்கள் இருக்கின்றன. குழந்தை கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். சின்னவன் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசு, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வை.

இரண்டும் தூங்குகிற மாசங்களில் முடுக்கு மொட்டையாகத் தெரியுமே என்று கேட்பாய். அதற்கு அக்லோனிமா, சிங்கோனியம், மருள் மூன்றும் போதும், வருஷம் பூராவும் பச்சையாக நிற்கும். பெரணிக்கு ஆசைப்படாதே, நம்ம காற்றுக்கு அது ஒரு வாரத்தில் சருகாகிவிடும். காம்பவுண்டுச் சுவரில் வெற்றிலை ஏற்று. கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்கிற கொடி அது, நிழல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். மூன்று நாலு கணு உள்ள தண்டு கிடைத்தால் இரண்டு கணுவை மண்ணுக்குள் விட்டு நடு. தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தத் தண்டு கிடைத்தால் விடாதே.

மண் விஷயத்தில் கறாராக இரு. ஊரைச் சுற்றிக் கிடக்கிற கரிசல் பருத்திக்கு ராஜா, தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் குழைந்து வேரை மூச்சுவிட விடாது, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய சாணி உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை முதல்நாளே ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிடு, அதில் உப்பு இருக்கும். சாணி உரத்தைக் கையில் எடுத்தால் சூடோ வாடையோ இருக்கக்கூடாது. தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச்சில்லு ஒன்று வை.

தண்ணீர்தான் நம்ம ஊரில் செடியின் தலையெழுத்து. போர் தண்ணீர் உப்பு. இலை நுனி பழுப்பாகிக் கருகுவதும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் அதன் அடையாளம். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் கருகல் கூடும், ஏனென்றால் உரமும் உப்புதான். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், அதை வாசல் கழுவ வைத்துக்கோ. ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, ஒரு வாளியை அடியில் வை. அரிசி கழுவின தண்ணீர், நல்ல தண்ணீர் குழாயில் வருவது, இரண்டும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை ஒரு நாள் முழுக்க நனைய விடு, சேர்ந்த உப்பெல்லாம் அடியில் வடிந்துவிடும். மற்ற மாசங்களில் மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை மெதுவாக, அடியில் வழிந்து ஓடுகிறவரை ஊற்று. தினப்படிக்கு விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. நிழலில் மேல்மண் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதே. 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போதே தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துவிடு. தேய்ப்பது முக்கியம், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிழலில் மாவுப்பூச்சி வரும். இலையும் தண்டும் சேருகிற இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளி. வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம் தெளித்தால்தான் பொரிக்கிற குஞ்சுகளும் அடங்கும். மழைக்காலத்தில் நத்தை வந்தால் உப்புத் தூவாதே, மண் கெட்டுப்போகும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்கி எடு.

கச்சோலத்தை இரண்டு வருஷம் தொட்டியில் விட்டால் கிழங்கு நெருக்கியடித்து இலை சிறுத்துவிடும். அதனால் தையில், இலை சுத்தமாகக் காய்ந்த பிறகு, தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்கை எடு. கழுவாதே, மண்ணை உதறிவிட்டுக் கையாலேயே பிரி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளைக்கண் இருக்கட்டும். காய்ந்த மணலில் புதைத்து, எலி போகாத டப்பாவில் போட்டு மச்சுக்கடியில் வை. வைகாசியில் எடுத்து நடு. ஒரு தொட்டிக் கிழங்கு நாலு தொட்டிக்கு வரும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வை, நம்ம தொட்டியில் அழுகினால் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.