அப்டேட் நடுவுல கம்ப்யூட்டர் நின்னுடுச்சா? முதல்ல பவர் பட்டன்ல இருந்து கையை எடு!

திரையில 30 சதவீதம்னு காட்டுது. அரைமணி நேரமா அதே 30. புள்ளிகள் மட்டும் வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்குக் காலையில ஃபைல் அனுப்பணும், உனக்குப் பதறுது. புரியுதும்மா. ஆனா நான் பார்த்த வரைக்கும், அப்டேட்டால கெட்டுப்போன கம்ப்யூட்டரைவிட, பாதியில ஆஃப் பண்ணிக் கெடுத்த கம்ப்யூட்டர்தான் அதிகம். நிஜமாவே நின்னுடுச்சா, மெதுவா போகுதான்னு தெரிஞ்சுக்காம எதையும் தொடாதே. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

1. உயிர் இருக்கான்னு பாரு

கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டு. அதோட குட்டி லைட் அணைஞ்சு எரிஞ்சா மெஷின் உள்ள முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. ஹார்ட் டிஸ்க் லைட் இருக்கிற மாடலா இருந்தா அது விட்டுவிட்டு மினுக்குதான்னு பாரு. காதைக் கொடுத்துக் கேளு, ஃபேன் வேகம் ஏறி இறங்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் வேலை நடக்குதுன்னு எடுத்துக்கோ.

அந்த சதவீதக் கணக்கை நம்பி உட்காராதே. அது நேரத்தோட அளவு இல்ல, எத்தனை கட்டம் முடிஞ்சதுங்கிற அளவு. ஒரு கட்டம் அரை நிமிஷத்துல முடியும், அடுத்தது முக்கால் மணி நேரம் இழுக்கும். எஸ்எஸ்டி போட்ட புது மெஷின்ல 10 முதல் 20 நிமிஷம் ஆகலாம். பழைய ஹார்ட் டிஸ்க்ல அதுக்கு மேல எவ்வளவோ ஆகும். என் கணக்கு இதுதான்: எஸ்எஸ்டியா இருந்தா ரெண்டு மணி நேரம் அசைவே இல்லாம நின்னாத்தான் சந்தேகப்படு. பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா, சார்ஜரைப் போட்டு வெச்சுட்டுப் போய்த் தூங்கு. இட்லிப் பானை மூடியை நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்கிறவளுக்கு இட்லி எப்ப வேகும்?

இன்னொண்ணு. லேப்டாப் மூடியை மூடிடாதே. நிறைய மெஷின்ல மூடினாலே தூங்கப் போயிடும், அப்டேட் பாதியில தொங்கும்.

2. இனி வேற வழியே இல்லைன்னா

லைட் அசையல, ஃபேன் சத்தம் மாறல, மணிக்கணக்கா அப்படியே இருக்கு. இப்ப மட்டும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடி. அணைஞ்சதும் உடனே ஆன் பண்ணாதே. பென் டிரைவ், பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாத்தையும் கழட்டு. கீபோர்டும் மவுஸும் போதும். அப்டேட்டைத் தொங்க வைக்கிறதுல இந்த மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிற சாமான்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திரும்ப ஆன் பண்ணினா, செஞ்ச மாற்றத்தையெல்லாம் பழையபடி ஆக்குறேன்னு ஒரு வரி வரலாம். அண்டூயிங்னு ஆரம்பிக்கும். அதைப் பார்த்துட்டு மறுபடி பட்டனைத் தேடுறவங்களைத்தான் எனக்குத் திட்டத் தோணும். அது உன்னைக் காப்பாத்திக்கிட்டிருக்கிற நேரம். கழட்டின ஃபைலையெல்லாம் திரும்பப் பொருத்திக்கிட்டிருக்கு. அதுல கையை வெச்சா அப்புறம் விண்டோஸே எழுந்திரிக்காம போகலாம்.

ஆன் ஆனதும் திரை மட்டும் கறுப்பா இருந்தா, விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்து. டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி கிளம்பும். பல தடவை இதுலயே படம் வந்துடும்.

3. உள்ளயே போக முடியலையா?

ஆன் பண்ணு, லோகோ வந்ததும் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணை. இன்னொரு தடவை அதே மாதிரி. மூணாவது தடவை தானாவே ரிப்பேர் திரை வரும். அதுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு போ. மாசாமாசம் வர்ற சின்ன அப்டேட்டா இருந்தா குவாலிட்டி, பெரிய வெர்ஷன் மாற்றமா இருந்தா ஃபீச்சர். எது கடைசியா வந்ததோ அதை எடு. பெரிய வெர்ஷனைத் திரும்ப எடுக்க உனக்கு 10 நாள்தான் டைம், அப்புறம் பழைய ஃபைலை விண்டோஸ் அழிச்சுடும். அதனால தள்ளிப் போடாதே.

அதே இடத்துல ரீசெட்னு ஒரு பட்டன் இருக்கும், கிளிக் பண்ணக் கை குறுகுறுக்கும். கடைசி வரைக்கும் அது வேண்டாம். ஃபைலை வெச்சுக்கிறேன்னு சொன்னாலும் நீ போட்ட டேலி, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும்.

4. 48 இலக்க எண் எங்க இருக்கு, சொல்லு பார்க்கலாம்

இதுக்குத்தான் நான் ரொம்பக் கண்டிப்பு. இப்ப வர்ற லேப்டாப் பலதுல, உன்னைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர்னு பேரு. அப்டேட் தகராறுல மெஷின் சந்தேகப்பட்டா, நீலத் திரை காட்டி 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லைன்னா உன் ஃபோட்டோ, கணக்கு எதுவுமே கிடைக்காது. எந்தக் கடைக்காரராலயும் எடுத்துத் தர முடியாது.

அந்த எண் பெரும்பாலும் மெஷினை முதல்ல செட் பண்ணின மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். இங்கதான் சிக்கலே. அந்த அக்கவுன்ட் யாரோடது? கடைப் பையன் போட்டுக் கொடுத்ததா, பிள்ளையோட காலேஜ் மெயிலா, பழைய ஆபீஸ் மெயிலா? இன்னைக்கே அந்த அக்கவுன்ட்டைத் திறந்து, டிவைசஸ் பக்கத்துல ரெக்கவரி கீயைப் பாரு. தாள்ல எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற கவர்லயே போடு. அதே லேப்டாப்ல நோட்பேட்ல சேமிச்சு வெச்சா, பூட்டின பீரோவுக்குள்ளயே சாவி மாட்டிக்கும்.

5. ஏன் நிக்குதுன்னு கண்டுபிடி

மறுபடி உள்ள வந்துட்டியா? உடனே திரும்ப அப்டேட் கொடுக்காதே. காரணத்தைச் சரி பண்ணாம கொடுத்தா அதே இடத்துலதான் நிக்கும்.

• இடம் இல்ல. முதல் குற்றவாளி இதுதான். எர்ரர் எண் 80070070ன்னு முடிஞ்சா சந்தேகமே வேண்டாம். சி டிரைவ்ல 20 ஜிபியாவது காலியா இருக்கணும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்னு போய்க் குப்பையைத் தள்ளு. அந்தப் பட்டியல்லயே டவுன்லோட்ஸ்னு ஒரு வரி இருக்கும். அதை டிக் பண்ணிடாதே! நீ இறக்கி வெச்ச சர்டிஃபிகேட், ரயில் டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அந்தக் குப்பையோட போயிடும்.

• காசு கொடுத்தோ, இலவசமாவோ போட்ட ஆன்டிவைரஸ். எண் 80070020ன்னு முடிஞ்சா, வேற ஏதோ சாஃப்ட்வேர் ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதுன்னு அர்த்தம். 2019 ஏப்ரல்ல வந்த விண்டோஸ் 7, 8.1 அப்டேட் சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா மாதிரி ஆன்டிவைரஸோட ஒத்துப்போகாம, பல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட்லயே உறைஞ்சு நின்னுச்சு. அந்த ஆன்டிவைரஸ்ல சிலது இருந்த மெஷினுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் அனுப்புறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுது. அதனால அப்டேட் முடியிற வரைக்கும் அதை அன்இன்ஸ்டால் பண்ணு. வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் போதும். ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா வைக்கவே வைக்காதே.

• பாதி இறங்கிக் கெட்டுப்போன ஃபைல். மொபைல் ஹாட்ஸ்பாட்ல இறக்கினா இது சகஜம். சர்வீசஸ்னு தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட்டையும் பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸையும் ஸ்டாப் பண்ணு. சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்னு ஒண்ணு இருக்கும். அதை அழிக்காதே, பேரை மட்டும் மாத்து. ரீஸ்டார்ட் பண்ணினா புதுசா ஒண்ணை அதுவே உண்டாக்கிக்கும். அப்டேட் ஹிஸ்டரி காலியா தெரியும், பயப்படாதே. பக்கத்துல இருக்கிற வேற எந்த ஃபோல்டர்லயும் கையை வைக்காதே.

• தேதி தப்பு. பழைய டெஸ்க்டாப்ல ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பின்னாடி போகுதா? மதர்போர்டுல இருக்கிற 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். தேதி தப்பா இருந்தா சர்வரோட பேச்சே நடக்காது, டவுன்லோட் பூஜ்யத்துலயே நிக்கும். சின்னச் செலவுதான், மாத்திடு.

• ஹார்ட் டிஸ்க்கே போகுது. ஃபைல் திறக்கவே நேரம் எடுக்குது, டக் டக்னு சத்தம் வருதுன்னா அப்டேட்டை மறந்துட்டு முதல்ல ஃபோட்டோக்களை வெளியில காப்பி எடு.

இதெல்லாம் பண்ணியும் வரலையா? விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரில, விண்டோஸ் அப்டேட் மூலமா சரி பண்றதுக்கு ரீஇன்ஸ்டால்னு ஒரு பட்டன் இருக்கு. இது அந்த ரீசெட் மாதிரி இல்ல. சாஃப்ட்வேர், ஃபைல், செட்டிங்ஸ் எதுவும் போகாம விண்டோஸை மட்டும் புதுசா போடும். நேரம் இல்லாதவங்களுக்கு நான் நேரா இதைத்தான் சொல்லுவேன்.

6. எப்ப கொடுக்கணும், எப்ப கொடுக்கக் கூடாது

மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவுல அப்டேட் விடுறாங்க. நமக்கு அது செவ்வாய் ராத்திரி. அப்படின்னா 8ல இருந்து 14ம் தேதிக்குள்ள. மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்றவளா இருந்தா 11ம் தேதி கெடு அதே வாரத்துல வந்து நிக்கும். கடை கணக்கு பார்க்கிறவ 7ம் தேதியே அப்டேட் பக்கத்துக்குப் போய், அப்டேட்டை நிறுத்தி வைக்க ஒரு வாரம் பாஸ் கொடுத்துடு. பரீட்சை, ஆன்லைன் இன்டர்வியூ வாரத்துலயும் அப்படியே. ஆனா பாஸ் கொடுத்துட்டு மாசக்கணக்கா மறந்துடாதே. பாதுகாப்பு ஓட்டை அடைபடாம கிடக்கும்.

அப்டேட் பக்கத்துல, புது அப்டேட்டை உடனே வாங்கிக்கோன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப்லயே வை. பிரிவியூன்னு பேர் போட்டு விருப்பப்பட்டா போட்டுக்கோன்னு வர்றதையும் விடு. முதல் பந்தியில உட்காரணும்னு உனக்கு என்ன அவசரம்?

மறுநாள் உங்க ஏரியாவுல பராமரிப்பு மின்தடை இருக்கான்னு பேப்பர்ல பாரு. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாம பெரிய அப்டேட் வேண்டாம். யுபிஎஸ் இருந்தாலும் அது தாங்குற கொஞ்ச நேரம் பத்தாது, கரன்ட் நிலையா இருக்கிற நேரமா பாரு.

பிரவுசர்ல பளிச்சுனு வந்து உங்க விண்டோஸைப் புதுப்பிக்கணும்னு சொல்றது அப்டேட் இல்ல, வைரஸ். செட்டிங்ஸுக்குள்ள வர்றது மட்டும்தான் நிஜம்.

7. விண்டோஸ் 10 வெச்சிருக்கியா?

2025 அக்டோபர் 14ஓட அதுக்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. பதிவு பண்ணிக்கிட்ட வீட்டு மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும்னு அறிவிச்சாங்க. டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷின்ல, குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்துறேன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதே. அப்படி ஏத்தினா அடுத்தடுத்த அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தர்றதில்ல.

8. கடைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா

போன உடனே, "அண்ணா, என்கிட்ட கேட்காம ஃபார்மட் போடாதீங்க"ன்னு சொல்லு. பல இடத்துல எது பிரச்சினைன்னு பார்க்காம முதல்ல அதைத்தான் போடுவாங்க, அவங்களுக்கு அது சுலபம். எதிர்ல எர்ரர் எண்ணைக் காட்டு, அதுக்காகத் திரையை முன்னாடியே மொபைல்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோ. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்லதான் ஓட்டுறேன்னா எஸ்எஸ்டி மாத்தச் சொல்லு, இந்த அப்டேட் தொல்லையில பாதி அதோட குறையும். மாத்தினதும் பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்கயே விட்டுட்டு வராதே, கையோட வாங்கிட்டு வா. உன் ஆதார் காப்பியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதுலதான் இருக்கு.