சேற்றுக்குள் மூச்சுவிடும் சம்பு

ஏரியோரங்களிலும் கழிவுநீர் தேங்கும் பள்ளங்களிலும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் செடி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இலைகள் நீண்ட வாள் போலிருக்கும். நெடிய காம்பின் நுனியில் கம்பங்கதிரைப் பழுப்புச் சாயத்தில் தோய்த்துச் செருகினாற்போல ஒரு கதிர் நிற்கும். இதுதான் சம்பு. யானைக்கோரை என்றும் சொல்வதுண்டு. ஆனால் இது கோரை இனமன்று. பாய் முடையும் கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். சம்பில் அப்படி இராது. தாவரவியலார் இதை டைபா என்பர்.

பழுப்புக் கதிர் முழுவதும் பெண்பூக்களே. ஆண்பூக்கள் அதற்கு மேலே மெல்லிய கதிராக இருந்து, மகரந்தத்தைக் காற்றில் உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். முற்றிய கதிர் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். தலையணையைக் கிழித்தாற்போலப் பஞ்சு பொங்கி வரும். ஒரே கதிரில் இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றும் தனக்கென மயிர்க்குடை பிடித்துக்கொண்டு பறக்கும்.

மனிதன் இதை வெகுகாலமாக அறிவான். இத்தாலியில் பிலான்சினோ என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 30,000 ஆண்டுகள் பழமையான அரைக்கும் கல்லில் மாவுப்பொருள் துகள்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் சம்புக் கிழங்கின் மாவும் இருந்ததாக 2010-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உழவு தோன்றுவதற்கு எவ்வளவோ முன்பே மாவு இருந்திருக்கிறது! தென் ஈராக்கின் சதுப்பு நிலத்து மக்கள் இதன் மகரந்தத்திலிருந்து மஞ்சள் நிறத் தின்பண்டம் ஒன்று செய்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. தொட்டியில் வைத்த செடிக்கு நாள்தோறும் அளவுக்கு மீறி நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணிடைவெளிகளில் நீர் நிரம்பிப் பிராணவாயு இல்லாமல் போவதே காரணம். சம்பின் வேரும் மட்டநிலத்தண்டும் ஆண்டு முழுவதும் கறுத்து நாறும் சேற்றில் கிடக்கின்றனவே, அவை ஏன் அழுகுவதில்லை?

ஓர் இலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே அறை அறையாக வெற்றிடங்கள் தெரியும். வெட்டிய முனையை நீரில் அமிழ்த்தி இலையை விரலால் அமுக்கினால் குமிழ்கள் வரும். இந்தக் காற்றறைகள் இலையிலிருந்து மட்டநிலத்தண்டு வரை தொடர்கின்றன.

வழி இருந்தால் மட்டும் போதுமா? காற்றைத் தள்ளுவது யார்? இங்கேதான் சம்பின் சாமர்த்தியம் இருக்கிறது. இலையின் உட்புறம் ஈரமானது, நீராவி நிறைந்தது. நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உள்ளே மற்ற வாயுக்களின் பங்கு வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே அவை நுண்துளைகள் வழியே வெளியிலிருந்து உள்ளே பரவுகின்றன. துளைகள் மிக நுண்ணியவை. உள்ளே வந்தது அதே வழியில் எளிதில் திரும்ப முடியாது. எனவே இலைக்குள் அழுத்தம் சிறிதளவு உயர்ந்து, காற்று கீழே தள்ளப்படுகிறது. மட்டநிலத்தண்டைச் சுற்றி வந்த காற்று, காய்ந்து ஒடிந்த பழைய இலைகளின் வழியே வெளியேறுகிறது. ஆம், செத்த இலைதான் புகைபோக்கி! வெயிலும் வறண்ட காற்றும் உள்ள நாளில் இந்த ஓட்டம் வலுக்கும், இரவில் தணியும். சேற்றில் உண்டாகும் மீதேன் வாயுவும் இதே குழாய் வழியே வானத்துக்குப் போகிறது.

வேர்முனையிலிருந்து பிராணவாயு சிறிது கசியவும் செய்கிறது. பிடுங்கிய சம்பின் வேர்களில் துருநிறம் படிந்திருப்பதைக் காணலாம். சேற்றிலுள்ள இரும்பு துருவானதன் அடையாளம் அது. (பார்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) கசியும் பிராணவாயுவால் வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தப் பல நாடுகளில் சம்பை நட்டு வளர்ப்பது இதனால்தான். நீலத் தாழைக்கோழியும் கானாங்கோழியும் ஒளிந்து வாழ்வதற்கும் சம்புக்காடு வேண்டும்.

ஆனால் அளவு மீறினால்? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1986-ல் டயாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் கோடையில் கடல்நீர் ஆற்றில் வெகுதூரம் ஏறிவரும். அந்த உப்பு சம்பை அடக்கி வைத்திருந்தது. நெல் வயல்களைக் காக்க உப்பைத் தடுத்தார்கள். நன்னீர் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நின்றது. சம்புக்கு வேறென்ன வேண்டும்? கால்வாய்கள் அடைபட்டன. மீனவரின் படகுகள் கரையைவிட்டு நகர வழியில்லாமல் போயிற்று. நத்தைகள் பெருகி, அவை பரப்பும் பில்ஹார்சியா நோயும் பெருகியது.

அரிவாளால் வெட்டினால் தீராதா? நீருக்கு மேலே வெட்டினால் மட்டநிலத்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதன் மூச்சுக்குழலை நினைத்துப் பாருங்கள்: பச்சை இலையையும் காய்ந்த இலையையும் சேர்த்து நீர்மட்டத்துக்கு அடியில் வெட்டி, வெட்டுவாய்கள் நீரில் மூழ்கியே இருக்கும்படி செய்தால் குழாய்க்குள் நீர் புகுந்துவிடும். மட்டநிலத்தண்டு மூச்சுத் திணறி அழுகும். நீருக்குள் நின்று வெட்டுவது கடினமான வேலை. ஒருமுறை வெட்டினால் போதும் என்றும் சொல்ல முடியாது. வெட்டிக் குவித்ததைச் செனகலிலும் அக்கரையிலுள்ள மாரிடேனியாவிலும் உலர்த்திக் கரியாக்கி அடுப்பெரிக்கவும், களிமண்ணுடன் கலந்து வெப்பம் புகாத சுவர் எழுப்பவும் முயன்று வருகிறார்கள். காற்றறைகள் நிறைந்த இலையல்லவா, வெயிலைத் தடுக்கிறது.